மதிப்பிற்குரிய இடைவெளி

ஓடுகிற படம் நிற்காமல் ஓடவேண்டுமென்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, நின்றுபோன படத்துக்கும் ஒரு மரியாதை தேடித்தந்த பெருமை நகோயாவின் ஹயானே நிறுவனத்தையே சேரும்.

இணையம் வழியாகத் தொலைக்காட்சி காட்டும் அவர்களுடைய பெட்டியை உருவாக்கியவர் தலைமைப் பொறியாளர் இசொகாய். வெள்ளோட்டத்தன்று தலைவர் முன்னிலையில் படம் பொசுக்கென்று நின்றது. நடுத்திரையில் வட்டம் மட்டும் சுற்றியது. இசொகாய்க்கு வியர்த்துக் கொட்டியது. சக ஊழியரின் மானம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது முறையல்ல என்று விற்பனைத் துறை குரிமோத்தோ எழுந்தார்.

"தலைவரே, இது பழுதில்ல. நம்ம 'மா'."

ஜப்பானின் பழம்பெரும் நோ நாடகத்தில் இரண்டு மத்தள அடிகளுக்கு நடுவே ஒரு மௌனம் வருமே, அந்த அர்த்தமுள்ள இடைவெளிக்குத்தான் மா என்று பெயர். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "நாம தொலைச்சதை இந்தப் பெட்டி மீட்டுக் குடுக்குது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். விளம்பரமும் அச்சாகிவிட்டது.

சில நாளில் இசொகாய் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சரிபண்ணிடலாம், குரிமோத்தோ சார்."

"சரிபண்ணினா பழுதா இருந்துச்சுன்னு ஆயிடுமே. கண்ணை மூடி ரசிச்ச மனுஷன் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவார்?"

"அப்ப எப்பத்தான் சொல்றது?"

"நேரம் வரும் சார்."

வந்தது ஜூலை, அதோடு நகோயா சுமோ போட்டியும். இசொகாயின் மகன் தோமொஹிரோ முதன்முறையாக மேல்பிரிவில் இறங்குகிறான். அப்பாவின் சட்டைப் பையில் அரங்குச் சீட்டு பத்திரமாக இருந்தது. தலைவருக்கு விஷயம் தெரிந்ததும் நெகிழ்ந்துபோய், "நம்ம வீட்டுப் பையன். எல்லாரும் நம்ம பெட்டியிலயே பாப்போம்" என்றார். அப்படிப்பட்ட கௌரவத்தை யாராவது மறுப்பார்களா? சீட்டு பக்கத்து வீட்டுக்காரருக்குப் போயிற்று.

அலுவலகத் திரையில், மகன் சுமோ சடங்குப்படி களத்தில் உப்பைத் தூவியது துல்லியமாகத் தெரிந்தது. காலைத் தூக்கி மிதித்தான். குனிந்தான், முஷ்டியைத் தரையில் ஊன்றினான். படம் நின்று, நடுத்திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

படம் திரும்பி வந்தபோது அடுத்த மோதலுக்கு வேறு இருவர் உப்பைத் தூவிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஒரு மா" என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமலே. யாரும் கைப்பேசியை எடுத்து முடிவைப் பார்க்கவில்லை. அது தலைவரை அவமதிப்பதாகும். அப்போது இசொகாயின் கைப்பேசியே ஒலித்தது.

"மகனாத்தான் இருக்கும், எடுங்க" என்றார் தலைவர்.

மறுமுனையில் தோமொஹிரோ தேம்பிக்கொண்டிருந்தான். "அப்பா, பாத்தீங்களா?"

ஜெயித்து அழுகிறானா, தோற்று அழுகிறானா? வாழ்த்துவதா, தேற்றுவதா? இசொகாய் வாயைத் திறந்தார், மூடினார். கூடியிருந்தவர்கள் பயபக்தியோடு அடங்கினார்கள்.

"யாரும் பேசாதீங்க" என்று தலைவர் கிசுகிசுத்தார். "தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவுல எப்பேர்ப்பட்ட மா, பாருங்க."

"ஒரு வார்த்தை சொன்னா என்னப்பா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றான் மகன்.