முந்திரி டப்பாவில் இருந்த எலி

எலி மறுபடியும் செத்துப்போனது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த சாவியோ இன்னும் விரலைக்கூட அசைக்கவில்லை.

"நான் ஆடவே இல்லப்பா. அதுவா ஓடுது, அதுவா சாவுது," என்றான் போனில்.

மறுமுனையில் அத்னான். திருவொற்றியூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். சாவியோ முப்பது வருஷமாக முந்திரி டப்பாவில் போட்டு வைத்திருந்த பிளாப்பியிலிருந்து அந்த எலி கேமை எப்படியோ வெளியே எடுத்து, பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு சாப்ட்வேரோடு பென்டிரைவில் போட்டுக் கொடுத்த புண்ணியவான்.

"அது அந்தக் காலத்து மிஷினுக்கு எழுதுன கேமுண்ணா. இப்ப வர்ற மிஷினு பேய் ஸ்பீடு. எலியும் அதே ஸ்பீடுல ஓடுது."

"அத்த எப்டி ஸ்லோ பண்றது?"

"மிஷினுக்கு வேற வேலை நெறைய குடுத்தா கொஞ்சம் ஸ்லோ ஆவும். இல்ல, சூடானா ஆவும். கடையில ஆளு நிக்குது, அப்பாலிக்கா பேசறேன்."

அப்பாலிக்கா வரைக்கும் சாவியோவுக்கு நேரம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சௌக்கத் அலி வருகிறான்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் ராயபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஏசி அறைக்குள் போக வேண்டும். மேஜைக்குக் கீழே சந்தனம் குங்குமத்தோடு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கும். சென்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. கேமில் அவுட்டானால் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். வாசலில் வரிசை நிற்கும். நாற்காலி சூடாவதற்குள் எல்லாரும் எழுந்து போவார்கள். சாவியோ உட்கார்ந்தால் மட்டும் எழுந்திருக்க மாட்டான். துரத்துகிற மூன்று பூனைகளுக்கும் தண்ணி காட்டிவிட்டு, கிடங்கில் இருக்கிற வடையை எல்லாம் தின்று முடித்துத்தான் அவனுடைய எலி ஓயும். சௌக்கத் அலி எப்போதும் இரண்டாவது.

சென்டரைப் பார்த்துக்கொண்ட பெண்தான் இப்போது சாவியோவின் மனைவி ஜெனி. "என் ஆட்டத்தப் பார்த்துத்தான் உழுந்தா" என்று கல்யாணம், ஞானஸ்நானம், காதுகுத்து என்று போகிற இடமெல்லாம் சாவியோ சொல்லுவான். காசிமேட்டில் ஐஸ் பேக்டரி சூப்பர்வைசராக இருப்பவனுக்குச் சொல்லிக்கொள்ள வேறு வெற்றி எதுவும் வாய்க்கவில்லை. இந்த மூஞ்சிக்கு இப்படி ஒரு பெண்ணா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த எலிதான் பதில்.

போன வாரம் புளியந்தோப்பில் ஒரு நிக்காஹ் பந்தியில் சௌக்கத் அலி பொறுமை இழந்துவிட்டான். "உன் எலிய இட்டுக்கினு வா மாமு, ஆடிப் பார்த்துடலாம். தோத்தா, அடுத்த விசேஷத்துல நான் சாம்பியனே இல்லன்னு எல்லார் முன்னாடியும் நீயே சொல்லணும்." ஞாயிற்றுக்கிழமை வா என்று சாவியோவும் பிரியாணி வாயோடு சொல்லிவிட்டான்.

லேப்டாப் ஜெனியுடையது. மீன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறாள். கேட்டால் ஒரு நிமிஷத்தில் சரி செய்துவிடுவாள். ஆனால் அவள் மயங்கிய ஆட்டத்துக்கு அவளிடமே போய் உதவி கேட்பதா? கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

முதலில் லேப்டாப்புக்கு வேலை கொடுத்தான். கல்யாண வீடியோவை ஓட விட்டான். ஒரு பிரசங்கத்தையும் இரண்டு சினிமாக்களையும் கூடவே திறந்தான். கல்யாண பேண்டும் பாதிரியாரும் ஒரே நேரத்தில் முழங்க, எலி அதே வேகத்தில் செத்தது.

"உள்ள இன்னா சத்தம்?" அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்த ஜெனி கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கெழமையாச்சே, பிரசங்கம் கேக்கறேன்."

அடுத்தது சூடு. லேப்டாப்பை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஜெனி காயப்போட்டிருந்த நெத்திலிக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து, லேப்டாப் தானாகவே அணைந்துவிட்டது. பட்டனை எத்தனை தடவை அமுக்கியும் எழுந்திருக்கவில்லை. காக்காய் ஒன்று அதன்மேல் உட்கார்ந்து நெத்திலியைத் தின்றது.

ஐஸ் பேக்டரிக்காரனுக்குச் சூட்டைத் தணிக்கவா தெரியாது? கீழே கொண்டுவந்து, பிரிட்ஜில் இருந்த ஐஸை எல்லாம் தட்டில் கொட்டி, துண்டு விரித்து லேப்டாப்பை அதன்மேல் உட்கார வைத்தான். உயிர் வந்தது. கூடவே தண்ணீரும் உள்ளே போனது. இப்போது எலி மேலே போகும், கீழே போகும், இடது பக்கம் போகும். வலது பக்கம் மட்டும் போகாது.

சாவியோவுக்கு அழுகை வந்தது. அப்போது வாசலில் குரல் கேட்டது.

"மாமு, கீறியா?"

சௌக்கத் அலி கையில் பேப்பர் சுற்றிய நீளமான ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தான். பழைய கீபோர்டு. "ராசியானது. இதுலதான் ஆடுவேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாவியோ அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். காரணம் சௌக்கத் அலிக்குப் புரியவில்லை.

கீபோர்டைச் செருகியதும் அத்னானின் போன் வந்தது. "அண்ணா, கேமு ஓடும்போதே ஸ்பீடைக் கொறைக்க ஒரு பட்டன் கீது, ஏத்த ஒண்ணு கீது. மொதல்லயே சொல்ல மறந்துட்டேன்."

சாவியோ குறைத்தான். இன்னும் குறைத்தான். எலி சாப்பிட்டுவிட்டு உலாத்துவது போல நடக்க ஆரம்பித்தது.

"இதான். கரெக்டா இதான்."

"இன்னா மாமு, எலிக்கு மூட்டு வலியா?" சௌக்கத் அலி குனிந்து வேகத்தை ஏற்றினான். எலி பறந்தது. "இதான் நம்ம சென்டர் ஸ்பீடு."

அந்த வேகத்தில் சௌக்கத் அலி பாதிக் கிடங்கைக் காலி செய்தான். சாவியோ உட்கார்ந்ததும் செத்தான். மறுபடி ஆடினான், மறுபடி செத்தான்.

"அன்னிக்கு இப்டி ஓடல. மாதா மேல சத்தியமா சொல்றேன், மெதுவாத்தான் ஓடிச்சு."

"அல்லா மேல ஆணையா இப்டித்தான் ஓடிச்சு. இத்தினி வருஷம் கழிச்சு எங்கிட்டயே பொய் சொல்றியே நைனா." சௌக்கத் அலி கீபோர்டைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தான். விளையாட்டாகச் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது.

சாவியோ திரையில் செத்துக் கிடந்த எலியையே பார்த்தான். சௌக்கத் அலி பொய் சொல்லுகிற ஆள் இல்லை. அப்படியானால் அன்றைக்குத் தான் ஜெயித்தது எப்படி? தன்னிடம் இல்லாத திறமையைப் பார்த்தா ஜெனி கழுத்தை நீட்டினாள்?

ஜெனி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். திரையைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டும் தன் லேப்டாப்பைப் பார்த்தாள். அந்தப் பஞ்சாயத்தைச் சாயங்காலத்துக்கு ஒத்தி வைத்தாள்.

"ஒக்காருங்க பாய், ரெண்டு பேரும் நெஜந்தான் சொல்றீங்க," என்றாள். "உங்களுக்கு வேகமாத்தான் ஓடிச்சு. இவரு வந்து ஒக்காந்தா மட்டும் நான் குனிஞ்சு பெட்டியில கீற ஸ்பீடு பட்டனை அமுக்கி ஸ்லோ பண்ணிடுவேன். சீக்கிரம் அவுட்டாயிட்டா, எழுந்து வூட்டுக்குப் பூடுவாரே."