பச்சை விளக்கு எரிகிறது, நெட்தான் வரவில்லை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. இங்கே இணைய இணைப்பைத் தவிர அனைவரும் நலம். நீங்களும் மூத்தவளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முகம் பார்த்து ஒன்பது நாளாகிறது, நம்பத்தான் முடியும்.

இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது ஆசையாக வாங்கிக் கொடுத்து, எல்லார் போனிலும் உங்கள் கையாலேயே சேர்த்துவிட்டுப் போன கேபிள் கம்பெனி இணைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். போன வாரத் திங்கட்கிழமை எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண், "பெட்டியில என்ன விளக்கு எரியுது சார்?" என்றாள். "பச்சை" என்றேன். "பச்சைன்னா நெட் வருதுன்னு அர்த்தம் சார்." "அர்த்தம் வருதும்மா, நெட் வரலை" என்றேன். அணைத்துவிட்டுப் பத்து எண்ணிப் போடச் சொன்னாள். மறுநாள் வேறொரு பெண் இருபது எண்ணச் சொன்னாள். எடை அளவு ஆய்வாளராக முப்பது வருடம் கடைக்காரர்களை நடுங்க வைத்தவன், அலமாரிக்கடியில் குப்புறப் படுத்து ஒரு பெட்டிக்கு ஒன்று, இரண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் லைன்மேன் வந்து, கம்பத்தில் ஏறி இறங்கி, கருவியை வைத்துப் பார்த்து, "இதுவரைக்கும் நல்லா வருது. அதுக்கு மேல உங்க பாடு" என்று போய்விட்டார். அதுக்கப்புறம் நான் சும்மா இருப்பேனா, தினம் ரெண்டு புகார்.

இதற்கு நடுவில் சின்னவளுக்கு வீடியோவில் வேலை நேர்காணல். தெருமுனைப் பல் டாக்டரிடம் கெஞ்சி, அவருடைய காத்திருப்பு அறையில் உட்கார்ந்தாள். இவள் தன் திறமையைச் சொல்லச் சொல்ல உள்ளேயிருந்து ஒருவர் அலறுகிறார். "அங்க என்ன சத்தம்?" என்றார்களாம். "பல் பிடுங்குறாங்க சார். நான் தொடரலாமா?" என்றிருக்கிறாள். இவள்தான் புகார்ப் பிரிவுக்கு ஏற்றவள் என்று வேலையைக் கொடுத்துவிட்டார்கள். அது அவள் சாமர்த்தியம், கேபிள் கம்பெனியின் புண்ணியமில்லை.

அதெல்லாம் கூடப் போகட்டும். பேத்தி முதல் அடி எடுத்து வச்சான்னு மூத்தவ போன்ல சொன்னா. கேட்டோம், பார்க்கலை. உங்க அத்தை அன்னைக்கு முழுக்க, நான்தான் ஒயரைப் பிடுங்கிப் போட்ட மாதிரி என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

ஆகவே இத்துடன் உள்ள ரத்துப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது.

மூவருக்கும் எங்கள் ஆசிகள். பேத்தி விழாமல் நடக்கட்டும்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த உங்கள் மாமா

பி.கு.: கையெழுத்துப் போட வேண்டாம். போன வாரத் திங்கட்கிழமை மேல்வீட்டைக் காலி செய்தவர், விட்டுப்போன நாற்காலியை எடுக்க இப்போது வந்தார். அவரிடம் புலம்பினேன். "நீங்க எல்லாரும் என் நெட்லதானே சார் இருந்தீங்க. நான் பாஸ்வேர்டே போடலை. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றார். நம் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து அவரே என் போனில் போட்டார். நெட் ஓடி வந்தது. அன்றைக்கு எல்லார் போனிலும் சேர்த்துவிட்டது யார் என்ற பேச்சு நமக்குள் வேண்டாம், மாப்பிள்ளை. என் பதினோராவது புகாருக்காக வந்த லைன்மேன் வாசலில் கம்பத்தின் மேல் இருக்கிறார். உங்கள் அத்தை அவருக்குக் காப்பி கலக்கிறாள். நான் கடிதத்தில் மும்முரமாக இருப்பதுபோல் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.