கேட்டுக்கு வெளியே

ஆஸ்திரேலியக் கால்பந்து மைதானத்தில் மணி இரண்டு பதினேழுக்கு எதிரணி ஐந்தாவது கோலை அடித்தபோது, நெவில் திரும்பித் தெமூரைப் பார்த்தார்.

தெமூர் ஜார்ஜியாவிலிருந்து மெல்போர்ன் வந்து ஏழு மாதம் ஆகிறது. நெவிலின் மகள் கெய்லியைக் கட்டிக்கொள்ள அவரிடம் இன்றே கேட்டுவிட வேண்டும். தள்ளிப்போட வழியில்லை. நெவிலின் நுரையீரல் கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அவருடைய சிவப்புச் சட்டை அணி இந்த வருடம் ஆடிய பதினேழு ஆட்டத்திலும் தோற்றிருந்தது. இது கடைசி ஆட்டம்.

சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் உதைத்த பந்து கம்பத்தைத் தாண்டி வெளியே போனது. பலகையில் ஒரு புள்ளி ஏறியது.

"தப்பா அடிச்சாலும் புள்ளியா?" என்றான் தெமூர்.

"கோலுக்கு ஆறு, தப்பினா ஒண்ணு. இல்லன்னா இந்த வருஷம் பூரா எங்களுக்கு முட்டைதான் தம்பி," என்றார் நெவிலின் தம்பி மெர்வ்.

தெமூர் கழிப்பறைக்குப் போனான். பின்னால் பெரும் கூச்சல். திரும்பி வந்தபோது மெர்வ் யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். தெமூர் உட்கார்ந்தான். எதிரணி கோல் அடித்தது.

நெவில் நெடுநேரம் இருமினார். பக்கத்திலிருந்த கெய்லி கைக்குட்டையால் அவர் வாயைத் துடைத்து, அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மடித்து வைத்தாள்.

"தம்பி, உனக்கு மறுபடியும் ஒண்ணுக்கு வருதா?" என்றார் நெவில்.

"இல்லீங்களே."

"வரும். போ."

கழிப்பறையில் நின்றபடி சிவப்புச் சட்டைக்கு இரண்டு கோல் விழுந்த கூச்சலைக் கேட்டான். குளிர் தாங்காமல் வெளியே வந்து படிக்கட்டோரம் எட்டிப் பார்த்தான். எதிரணி கோல்.

"தலை தெரியுது! தலைய உள்ள இழு!" என்று மேலிருந்து மெர்வ் கத்தினார்.

பன்றிக்கறி ரொட்டி விற்கும் கடைக்குப் பின்னால் போய் நின்றான். அங்கிருந்து பலகையின் ஓரம் தெரிந்தது. அதற்கும் எதிரணிக்கு ஒரு கோல் போயிற்று.

கெய்லி ஓடி வந்தாள். "அப்பா உன்ன கேட்டுக்கு வெளிய நிக்கச் சொல்றாரு."

"மழை பெய்யுது."

"தெரியும்."

"நான் இன்னும் அவர்கிட்ட கேக்கவே இல்லியே. என்னைப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடச் சொல்லு."

"எட்டுப் புள்ளிதான் பின்னாடி இருக்கோம், தெமூர். ப்ளீஸ்."

போனான்.

கேட்டை ஒட்டிய தகரக் கூரையின் கீழ் ஒரு பெஞ்சு இருந்தது. பக்கத்தில் டிக்கெட் கிழிக்கும் கிழவி. உள்ளே கூச்சல் எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது. கடைசியில் சங்கு ஊதியது. கூட்டம் அணியின் பாட்டைத் தாளம் தப்பிப் பாடியது. நடுவே ஒரு குரல் இருமி நின்று, மறுபடி சேர்ந்துகொண்டது.

ஜெயித்துவிட்டார்கள். உள்ளே போகத் தெமூருக்குக் கால் வரவில்லை. பெண் கேட்க வந்தவனை வாசலுக்குத் துரத்திய பிறகு எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

"நெவில் அனுப்பினாரா?" என்றாள் கிழவி.

தலையாட்டினான்.

"அந்த பெஞ்சுல அவரு பொண்டாட்டிதான் உக்காருவா. பத்தொம்பது வருஷம். ஒரு ஆட்டம்கூட முழுசாப் பாத்ததில்ல. அவ செத்தப்புறம் வேற யாரையும் அவரு இங்க அனுப்பினதில்ல." ஃபிளாஸ்கின் மூடியைத் திறந்தாள். "அவளுக்கு ரெண்டு சக்கரை போடுவேன். உனக்கு எத்தனை?"