படகுத்துறைக்காரன் மேல் ஒரு புகார்

என்றும் அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்து, நடுவில் உட்காராமல் மாடிப்படி ஏறுகிறார் என்ற செய்தியை உன்னிடமிருந்து எதிர்பார்க்கிறோம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்குக் கைக்கு வந்தது. இருபத்தாறு வயதாகியும் நமக்குப் பாப்பாவாகவே இருக்கிற உன் மகள், வங்கி வேலையை உதறிவிட்டு வீடியோ கேம் தயாரிக்கிற கம்பெனிக்குப் போகப்போகிறாள் என்று படித்ததும் எனக்குப் பகீரென்றது. "மாமா அவங்க பண்ணின கேமை விளையாடிப் பாக்கட்டும். உருப்படாததுன்னு அவர் சொல்லிட்டா நான் போகலை" என்று அவளே சொன்னாளாமே. நீயும் "நல்லா நாலு குறை கண்டுபிடிச்சு எழுதுடா, உனக்கு அது கைவந்த கலையாச்சே" என்று எழுதியிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் ஒப்படைத்திருக்கிறாய். முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பதிவேட்டில் எழுதியவன் நான். அதில் ஒரு பொய்ப் பதிவு கிடையாது. பாப்பாவின் பள்ளி இறுதிப் பரீட்சை அன்று அவள் எழுந்திருக்க நேரமாகிவிட்டது, பஸ்ஸை இரண்டு நிமிடம் நிறுத்தி வையடா என்று நீ போனில் கெஞ்சினாயே, அப்போதும் முடியாது என்றுதான் சொன்னேன். அந்த வருத்தம் உனக்கு இன்னும் போகவில்லை என்று தெரியும். அவள் எப்படியோ ஓடிவந்து ஏறிவிட்டாள், அது அவள் சாமர்த்தியம். ஆகவே என் தீர்ப்பில் தயவு தாட்சண்யம் இருக்காது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற இரண்டு பேனாக்களில் நீலத்தால் நிறைகளையும் சிவப்பால் குறைகளையும் எழுதுகிறேன். நீ சிவப்பை மட்டும் படித்தாலும் போதும்.

பதினொரு நாள் விளையாடினேன். கதை இதுதான்: ஒரு தீவில் எரிமலை வெடிக்கப்போகிறது. நாம் குதிரையேறிப் படகுத்துறைக்குப் போய், படகு பிடித்து, பொழுது சாய்வதற்குள் தீவு ஜனங்களை எச்சரிக்க வேண்டும். இந்த வகைக்குத் திறந்த உலகம் என்று பெயராம். அதாவது யாரும் கையைப் பிடித்து இழுத்துப் போகமாட்டார்கள், கண்ணுக்குத் தெரிகிற மலை எதுவானாலும் நாமே போய் ஏறலாம். உள்ளதைச் சொல்ல வேண்டும் அக்கா, அது அழகாகத்தான் இருக்கிறது. காற்றடித்தால் புல் ஒரே பக்கமாகச் சாய்கிறது, மழை பெய்தால் குதிரையின் பிடரிமயிர் நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு குன்றின் மேல் ஏறி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றதில் இங்கே மேஜையில் டீ ஆறி ஏடு படிந்துவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸைத் தவிர எதையும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீல மை இத்தோடு முடிந்தது.

இனிக் குறைகள். ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு வெறும் ஓவியம்தான், தட்டினால் கை வலிக்கிறது. மீதிப் பாதி எந்நேரமும் திறந்து கிடக்கிறது. நாம் பாட்டுக்கு உள்ளே போய் அலமாரியைக் குடைந்து பானை, பூட்ஸ், மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரலாம், வீட்டுக்காரி எதிரே நின்று "இன்னைக்கு வானம் நல்லா இருக்கு" என்கிறாள். மறுபடி போய் அவள் நாற்காலியைத் தூக்கினாலும் வானம் நல்லாத்தான் இருக்கிறது. என் முதுகுப் பையில் இப்போது நாற்பத்திரண்டு வாள், பதினாறு பூசணிக்காய், ஒரு தேவாலய மணி இருக்கின்றன, ஆனால் ஓடுகிற வேகம் குறையவில்லை. மலையிலிருந்து விழுந்தால் தூசி தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறேன், முழங்கால் ஆழத் தண்ணீரில் செத்துப்போகிறேன். குதிரை ஒருநாள் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. எப்படி ஏறியது என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வழியில் போகிறவன் வருகிறவனெல்லாம் வாத்தைக் காணோம், மோதிரத்தைக் காணோம் என்று நம்மிடமே முறையிடுகிறான். நம்மை அனுப்பிவைத்த தளபதி "பொழுது சாயறதுக்குள்ள போ, ஒவ்வொரு நொடியும் முக்கியம்" என்று மூச்சிரைக்கச் சொல்லிப் பதினொரு நாளாகிறது. எரிமலை லேசாகப் புகைந்துகொண்டு எனக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறது. வேலைநேரம் என்பதற்கே மரியாதை இல்லாத உலகம்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன் அக்கா. மன்னிக்க முடியாதது அந்தப் படகுத்துறைக்காரன். தீவுக்கு நாளுக்கு ஒரே படகு, மாலை நாலு பத்துக்கு. துறையின் கம்பிக் கதவருகே ஒரு மனுஷன் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். சட்டையின் பின்காலரில் குடை, மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு. நாம் எது கேட்டாலும் உடனே பதில் கிடையாது. தொண்டையைச் செருமி, கைக்கடிகாரத்தை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, அப்புறம்தான் வாய் திறக்கிறான். வாத்து தேடிய வகையில் முதல் நாள் நான் போனபோது நாலு பதினொன்று. படகு அங்கேதான் நிற்கிறது, கயிறுகூட அவிழ்க்கவில்லை. "நேரம் நேரம்தான். நாளைக்கு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டான். எரிமலையே காத்திருக்கிறது, இவன் ஒரு நிமிடம் காத்திருக்கமாட்டானாம்! ஜனங்கள் சாகப்போகிறார்கள் என்றேன். "அதை எழுதிக் குடுங்க" என்றான். மணியைக் கொடுத்துப் பார்த்தேன், பூசணிக்காய் கொடுத்துப் பார்த்தேன், மசியவில்லை. ஒன்பது தடவை போய் ஒன்பது தடவையும் திரும்பினேன். வாழ்க்கையில் எதற்குமே தாமதமாகப் போகாதவன் நான், என்னை இவன் "தாமதப் பேர்வழி" என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதுகிறான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவன் திரையில் வந்தாலே என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "இந்த ஆளை எங்கியோ பாத்த மாதிரி இருக்குங்க" என்றாள். "எங்கே, சீரியல்லயா?" என்று கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "சீரியல்தான். முப்பத்தஞ்சு வருஷமா ஓடுது, முடியவே மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என் தீர்ப்பு இதுதான். இப்படி ஈவிரக்கமில்லாத ஒரு ஜடத்தைக் கற்பனை செய்தவர்கள் மனுஷர்களோடு பழகியே இராதவர்கள். அவர்களோடு சேர்ந்தால் பாப்பாவும் கெட்டுப்போவாள். வங்கி வேலையே போதும், போக வேண்டாம் என்று மாமா சொன்னதாகச் சொல்லிவிடு. உனக்கும் அத்தானுக்கும் எங்கள் வணக்கம். பாப்பாவுக்கு ஆசிகள், அவள் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நேரத்துக்கு எழுந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி.

பின்குறிப்பு: உறையில் பசை தடவுகிற நேரத்தில் என் மனைவி, "குடுங்க, ஒரு தடவை நான் போறேன்" என்று என் கையிலிருந்த விளையாட்டுக் கருவியை வாங்கிக்கொண்டாள். வாத்து, மோதிரம் எதையும் திரும்பிப் பார்க்காமல் ஒரே ஓட்டமாகக் குதிரையை விட்டு நாலு மணிக்கே போய் நின்றாள். படகுத்துறைக்காரன் மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்துவிட்டான். நாலு பத்தாயிற்று. கதவைச் சாத்தினான். அப்போது தெருக்கோடியிலிருந்து ஒரு சின்னப் பெண், ஒரு காலில் மட்டும் செருப்போடு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதபடி ஓடிவந்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பெண்ணைப் பார்த்தான். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்து, நன்றாக இருந்த கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். அவள் ஏறி உட்கார்ந்தபின் நோட்டில் எழுதினான்: "கயிறு சிக்கியது. ஆறு நிமிடம் தாமதம்."

அக்கா, பாப்பாவின் பரீட்சை அன்று நான் எழுதியது, "டயரில் காற்று குறைவு. ஆறு நிமிடம் தாமதம்." உன் போனை வைத்துவிட்டு நானே போய் ஓட்டுநரை இறக்கி, நல்ல டயரைத் தட்டிக்கொண்டு நின்றேன். அவள் ஒற்றைச் செருப்போடு வந்து ஏறும்போது நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்றேன். உன்னிடம்கூட இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

தீவு ஜனங்கள் பிழைத்துவிட்டார்கள். கடைசியில் இதை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடின, அதில் உன் மகள் பெயரும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள் என்று நீ நம்பிக்கொண்டிருந்தாயே, அவள் போனதெல்லாம் இதற்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, என் மனைவி பார்த்துவிட்டாள், இப்போது சிரிக்கவில்லை.

எழுதியதைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் மேலே உள்ளது அப்படியே வருகிறது. அதில் சிவப்பை எல்லாம் நீயே அடித்துவிடு. பாப்பா அந்த வேலைக்குப் போகட்டும். முதல் நாள் தாமதமாகப் போகவேண்டாம் என்று மட்டும் சொல். அந்த விளையாட்டில் இன்னும் ஒரே ஒரு பிழை பாக்கி இருக்கிறது, அவளையே திருத்தச் சொல். பதிவேட்டில் நான் ஆறு என்று எழுதினேன். அன்றைக்கு நிறுத்தியது ஏழு நிமிடம்.