வாளி இல்லாத கடை

"இல்லை" என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் இல்போ கெட்டோலா எழுதியிருந்தார். காலைக் காப்பி ஆறுவதற்குள் அதற்குக் கீழே தொண்ணூறு பேர் பதில் எழுதிவிட்டார்கள்.

கேள்வி சாதாரணமானதுதான். ஹீதாலம்பி ஊரின் முகநூல் குழுவுக்குப் 'புதர் வானொலி' என்று பெயர். தள்ளுபடி, கூப்பன், காணாமல் போன பூனை எல்லாம் அதில்தான் ஒலிபரப்பாகும். அதில் சிர்க்கா என்ற அம்மாள் கேட்டிருந்தார்: "சனிக்கிழமை புது ஹார்டுவேர் கடை திறக்குதே, இலவச வாளி உண்டா?"

கடை திறப்பு என்றால் பின்லாந்தில் பிளாஸ்டிக் வாளி கொடுப்பார்கள். அதை வாங்க விடிவதற்கு முன்பே ஜனம் வரிசையில் நிற்கும். இந்தக் கடையின் தலைமை அலுவலகம் மட்டும் நாகரிகமாக யோசித்து, வாளிக்குப் பதில் பெயின்ட்டுக்குத் தள்ளுபடிக் கூப்பன் என்று முடிவு செய்திருந்தது. கடைக்குப் புது மேலாளர் இல்போ. இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. திறப்பு நாளில் ஒரு வாடிக்கையாளர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனாலும் வேறு மேலாளர் வருவார் என்று தலைமை அலுவலகத்து ஹில்லேவி தெளிவாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே இல்போ உண்மையை எழுதினார். இல்லை.

"நிச்சயமா இல்லையா?" என்று ஒருவர்.

"இப்ப இல்லைம்பாங்க. கடைசி நிமிஷத்துல மாத்திப் பேசுவாங்க. எத்தனை கடையைப் பார்த்திருக்கோம்."

"மூடி உண்டா?"

"வாளியே இல்லைங்கறாரு, இவருக்கு மூடி வேணுமாம்."

இல்போவுக்குக் காது சிவந்தது. "பாத்தியா தெல்லெர்வோ," என்று மனைவியிடம் கைபேசியை நீட்டினார். "என்னைப் பொய்யன்ங்கறாங்க. முப்பது வருஷமா இந்த ஊர்ல வரி கட்டறேன்."

"பேசாம விடுங்களேன். தானா அடங்கிடும்."

"உண்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவர் உட்கார்ந்து நீண்ட விளக்கம் ஒன்று எழுதினார். வாளி ஏன் இல்லை, சுற்றுச்சூழலுக்குப் பிளாஸ்டிக் என்ன செய்கிறது, பெயின்ட் கூப்பன் எவ்வளவு லாபம் என்று மூன்று பத்தி. முதல் பதில் உடனே வந்தது.

"பெயின்ட்டை எதுல கலக்கறது?"

இருநூறு பேர் சிரித்த முகம் போட்டார்கள். ஒரு கூப்பனைக் கணவனும் மனைவியும் தனித்தனியாகப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். விவாகரத்து ஆனவர்கள் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். தள்ளுபடிக்கு முன்பே விலையை ஏற்றியிருப்பார்கள் என்று, இன்னும் திறக்காத கடையைப் பற்றி, ஒருவர் சொந்த அனுபவம் போல எழுதினார். பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆள் கேட்டார்: "வாளி கிடையாதுங்கறது உறுதின்னா சொல்லுங்க. நாங்க பஸ் ஏற்பாடு பண்ணணும்."

"கிண்டலைப் பாரு," என்றார் இல்போ. "பஸ்ஸாம்."

இனி பேசிப் பயனில்லை, ஆதாரம்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். கடையின் கிடங்கைப் படம் பிடித்துப் போட்டார். திருகாணிப் பெட்டிகள், மண்வெட்டிகள், பெயின்ட் டின்கள். வாளி எங்கே, நீங்களே தேடுங்கள் என்று எழுதினார்.

தேடினார்கள். மூலையில், துடைப்பத்துக்குப் பின்னால், நீலமாக ஒன்று தெரிந்தது. சிர்க்கா அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத் திரும்ப ஏற்றினார்.

"அப்ப இது என்ன? உங்க பேச்சை நம்பி எவ்வளவு பேர் கிளம்பறோம், தெரியுமா?"

"அது தரை துடைக்கிற கைனோ அம்மாவோட வாளி," என்று இல்போ எழுதினார்.

"கைனோவுக்கு மட்டும் எதுக்கு?"

"தரை துடைக்க."

"பாவம், அந்தம்மா வாளியைக் கொடுத்துடாதீங்க."

வியாழக்கிழமை ஹில்லேவி கூப்பிட்டார். "அங்க என்ன நடக்குது, இல்போ? வாளி வாளின்னு நம்ம கம்பெனி முகநூல் பக்கம் முழுக்க."

"வாளி இல்லைன்னு எழுதினேன்."

"இன்னும் அழுத்தமா எழுதுங்க."

"அழுத்த அழுத்தத்தான் ஏறுது."

"எத்தனை பேர் வருவாங்க?"

"பஸ்ஸு ரெண்டாயிடுச்சு."

"வந்தவங்க வெறுங்கையோட போகக் கூடாது. எப்படின்னு நீங்க பாத்துக்குங்க. கம்பெனி வாளிக்குப் பணம் தராது," என்று சொல்லிவிட்டு ஹில்லேவி போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை இல்போ இழுவண்டியைக் காரில் மாட்டிக்கொண்டு, தூரத்து ஊர் ஒன்றின் போட்டிக் கடைக்குப் போனார். சவுனா என்ற நீராவிக் குளியலறைக்குப் புது அடுப்பு வாங்கத் தெல்லெர்வோ சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதும் சிவப்பு வாளியாக மாறியது.

"கடை திறப்பா?" என்றாள் காசாளர் பெண்.

"இல்ல. வீட்டுல ஒழுகுது," என்றார் இல்போ.

சனிக்கிழமை விடிந்தபோது பனி காலுக்கடியில் நறநறத்தது. வரிசை கடைக் கதவில் தொடங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, தேவாலயத்தைச் சுற்றி எங்கோ போயிருந்தது. பாதிப் பேர் பழைய திறப்பு விழா வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தன்னைக் குத்திக் காட்டத்தான் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று இல்போவுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். ஏலக்காய் பன் கைமாறியது. சிர்க்கா, முன்பின் தெரியாத ஒரு பக்கத்து ஊர்க்காரரிடம் தன் முழங்கால் அறுவை சிகிச்சையை விவரித்துக்கொண்டிருந்தார். அவர் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தைரியம் பாரு," என்றார் இல்போ. "பிக்னிக் மாதிரி உக்காந்துக்கிட்டு."

"இன்னும் திறக்க ஒரு மணி நேரம் இருக்கு," என்றாள் தெல்லெர்வோ.

"ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்க மாட்டேன்."

கதவைப் படீரென்று திறந்தார். இரண்டு கையாலும் வாளிகளை எடுத்து நீட்டினார். "இந்தாங்க. வாங்கிக்குங்க. அடுத்தது. உங்களுக்கும்தான், புடிங்க." தெல்லெர்வோ பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவர் ஆட்களின் மார்பில் திணித்தார். சிர்க்காவுக்கு இரண்டு கொடுத்தார், ஒன்று வட்டம் போட்டதற்காக.

வரிசை கரைந்தது. அரை மணி நேரத்தில் தெரு காலி. வாளியோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பனியைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தனித்தனியே நகர்ந்தார்கள். பஸ் ஓட்டுநர் கையிலிருந்த பன்னைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை. எல்லார் முகமும் தொங்கிப் போயிருந்தது.

இல்போவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கடைசியாக ஒரு முதியவர் மட்டும் மிச்சம் இருந்தார். பிளாஸ்கைத் திறந்து இரண்டு குவளையில் காப்பி ஊற்றியிருந்தார். இரண்டாவது குவளைக்கான ஆள் போய்விட்டிருந்தார்.

"இன்னும் என்னங்க வேணும் உங்களுக்கெல்லாம்?" என்று இல்போ அவரிடம் போய் நின்றார். "வாரம் பூரா தொண்டை கிழியச் சொன்னேன், வாளி கிடையாதுன்னு. ஒருத்தராவது நம்பினீங்களா?"

முதியவர் மிச்சக் காப்பியைப் பனியில் ஊற்றினார்.

"எல்லாரும் நம்பித்தானே தம்பி வந்தோம். கொடுக்கற கடைன்னா வரிசை உடனே கலைஞ்சுடும், இது சாயங்காலம் வரைக்கும் நிக்கும், நாலு பேரோட பேசிக்கிட்டிருக்கலாம்னு சொல்லித்தானே பஸ்ஸுல கூட்டிட்டு வந்தாங்க."