சோப் லேன் மைதானத்தை நேசித்தவர்கள்

மனிதகுலம் இதுவரை எதை எதையோ நேசித்திருக்கிறது. நாட்டை, மொழியை, பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் காரை. ஆனால், இங்கிலாந்தின் வடக்கே, மழை விட்டால் ஏன் விட்டது என்று கவலைப்படுகிற ஹெப்பிள்டன் ஊரார், சோப் லேன் கால்பந்து மைதானத்தை நேசித்த அளவுக்கு எந்த ஊரும் எதையும் நேசித்ததாகத் தகவல் இல்லை. அப்படி ஓர் ஊர் இருந்தால், நேசிக்கப்பட்ட அந்தப் பொருளுக்கு நம் ஆழ்ந்த அனுதாபங்கள்.

அந்த நேசம் சாமானியர் கண்ணுக்குத் தெரியாது. ஹெப்பிள்டன் ரோவர்ஸ் ஆடுவது, டிவியில் வரும் லீக்குகளுக்கெல்லாம் கீழே, படிகள் முடிந்து நிலவறை தொடங்குகிற மட்டத்தில். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஐம்பது பேர் வந்தால் அது திருவிழா. அதிலும் சிலர் நாயை நடத்திக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனவர்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தபடியே நேசித்தார்கள். குளிர் காலத்தில் அதுதான் சிறந்த முறை.

வந்த ஐம்பது பேருக்கும் டீ போட்டவள் எனிட் ஸ்க்ரிம்ஷா. கோலுக்குப் பின்னால் அவளுடைய தகரக் கொட்டகை. மாவுக்குள் மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட 'பை' என்கிற பண்டமும் அங்கே கிடைக்கும். பை பிரமாதம். டீயைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியதை எதிரணிக்காரர்கள் வருஷா வருஷம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அவள் கணவர் ரெஜ், ஆயுள் முழுக்க அந்த மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர். இந்த ஊரில் சர்ச் கல்லறையைவிடப் பெனால்டி பகுதிக்குத்தான் கிராக்கி. ரெஜ்ஜின் சாம்பலையும் அவர் ஆசைப்படி பெனால்டி புள்ளியில்தான் தூவினார்கள். அன்று கொஞ்சம் காற்று. ஒரு நிமிட மௌன அஞ்சலியின் நடுவே எதிரணி கோல்கீப்பர் தும்மியதை எல்லாரும் கேட்டார்கள், யாரும் கேட்காத மாதிரி நின்றார்கள். அது முதல் சனிக்கிழமைதோறும், பாய்லரின் முதல் டீ ரெஜ்ஜுக்கு. எனிட் போய்ப் புல்லில் ஊற்றிவிட்டு, அந்த வாரத்து ஊர்க்கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வருவாள். அந்த இடத்தில் மட்டும் புல் பழுப்பு நிறம். அதற்குக் காரணம் ரெஜ் இல்லை என்பது ஊரின் ஒருமித்த கருத்து.

இப்படியிருக்கையில், நிலத்தின் சொந்தக்காரர், பழைய சோப்புக் கம்பெனி முதலாளியின் பேரன், ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டே ஒரு முடிவெடுத்தார்: மைதானத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்பது. வரப்போகிற வீடுகளுக்கு 'ரோவர்ஸ் பசும்புல்வெளி' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கவுன்சில் அனுமதிதான் பாக்கி.

கிளப் கொதித்தெழுந்தது. அதாவது, கூட்டம் போட்டது. தலைவர் நெவில் ஆக்ராய்டு மேசையைத் தட்டினார்.

"போராடணும்! ரத்தம் சிந்தியாவது போராடணும்!"

"சரி நெவில், எப்போ?" என்றாள் எனிட், சாண்ட்விச் தட்டை வைத்தபடி.

"அவசரப்படாதே கண்ணு. பேனர் என்ன கலர்னு முதல்ல முடிவாகட்டும். கலர் தெரியாம யாராவது போராடுவாங்களா?"

நிறத்தை ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. நீலத்தில் வெள்ளையா, வெள்ளையில் நீலமா என்பதில் துணைக்குழு இரண்டாகப் பிளந்தது. பிளவை ஒட்ட இன்னொரு குழு. எல்லாரும் ஒருவழியாக வெள்ளையில் நீலம் என்று கைகுலுக்கியபோது சீசனில் ஒரே ஓர் ஆட்டம்தான் மிச்சமிருந்தது. எனவே, போராட்டத்தை 'கண்ணியமான பிரியாவிடை'யாக மாற்றித் தீர்மானம் போட்டார்கள். பிரியாவிடைக்குப் பேனர் தேவையில்லை என்பது கூடுதல் வசதி.

எனிட் மட்டும் எழுந்தாள். "மைதானம் போறதுன்னா போகட்டும் நெவில். ரெஜ்ஜை நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு பை தட்டு அளவு புல்லு போதும். யாரோ ஒருத்தன் சமையலறைக்கு அடியில அவரை விட்டுட்டுப் போக முடியாது."

நெவில் மூக்கைச் சிந்தினார். 'திரு. ஸ்க்ரிம்ஷா அவர்களின் இடமாற்றம்' ஏகமனதாக நிறைவேறியது.

கடைசி ஆட்டத்துக்கு ஊரே திரண்டது. இருபது வருஷமாக மைதானத்துப் பக்கம் தலைவைக்காதவர்கள், "நான் ஒரு ஆட்டம் விட்டதில்லை" என்று ஒருவருக்கொருவர் சொல்லி, ஒருவரை ஒருவர் நம்பினார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே பை தீர்ந்துவிட்டது. ரோவர்ஸ் நாலு கோல் வாங்கித் தோற்றதை யாரும் கவனிக்கவில்லை; எல்லார் கண்ணிலும் நீர்.

இறுதி விசில். எனிட், ரெஜ்ஜின் பழைய மண்வெட்டியும் பை தட்டுமாகப் பெனால்டி புள்ளிக்கு நடந்தாள். மண்டியிட்டு, பழுப்புப் புல்லைச் சதுரமாக வெட்டி, தட்டில் ஏந்திக்கொண்டாள். மைதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அந்தப் புனித நொடியில், ஒரு தலைவருக்குரிய தொலைநோக்குடன் நெவில் மைக்கைப் பிடித்தார்.

"அன்பர்களே! எனிட் அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி. வேற யாரும் ஞாபகார்த்தமா எதையும் எடுக்கக் கூடாது. புல்லை எடுக்கக் கூடாது. நாற்காலியை எடுக்கக் கூடாது. முக்கியமா, மேற்குப் பக்க கோல்கம்பத்துல ரெண்டு போல்ட் லூசா இருக்கு, அதை யாரும் ஆட்டக் கூடாது..."

அதுவரை அப்படி ஓர் எண்ணம் எவருக்கும் வந்திருக்கவில்லை.

கசாப்புக்கடை டெரெக் தன் வேனிலிருந்து ஸ்பானர் எடுத்து வந்தார். வலையை இரண்டு அண்ணன் தம்பிகள் நியாயமாகக் கத்தரித்துப் பங்கிட்டார்கள். குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு தள்ளுவண்டியில் புல் ஏற்றிப் போனவர்கள் உண்டு. நாற்காலிகள், வேலிக் கம்பி, கழிப்பறைக் கதவு, உள்ளே ஆள் இருந்தும். மூலைக் கொடி நான்கையும் எதிரணி எடுத்துக்கொண்டது. விருந்தாளிகள் வெறுங்கையோடு போகக் கூடாது. மைக்கை நெவில், 'பாதுகாப்பு கருதி', கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஒருவர் கைகூடப் படாமல் மிஞ்சியது எனிட்டின் டீக் கொட்டகை ஒன்றுதான். நேசத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

திங்கள் காலை எனிட் வீட்டுப் போன் அலறியது.

"எனிட்! கண்ணு! கிளப் பிழைச்சுது!" நெவிலுக்கு மூச்சு வாங்கியது. "கவுன்சில்ல இருந்து இன்னைக்கு மத்தியானம் ஆய்வாளர் வரார். விளையாட்டு நடக்கற மைதானமா இருந்தா வீடு கட்ட அனுமதியே கிடையாதாம். அவர் வந்து ஒரு பார்வை பார்த்தாப் போதும்!"

"எதைப் பார்ப்பார் நெவில்?"



"அதான்... நீ கொஞ்சம் வீடு வீடாப் போய்ச் சொல்லேன். உன் பேச்சை யாரும் தட்ட மாட்டாங்க."

எனிட் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். டெரெக் வீட்டுக் கொல்லையில் கோல்கம்பம் கம்பீரமாக நின்றது.

"அதுல பீன்ஸ் கொடி ஏத்திட்டேன் எனிட். உயிருள்ள செடி. பிச்சுப் போட மனசு வருமா?"

"சனிக்கிழமை சாயந்திரம் தானே தூக்கிட்டு வந்தே? அதுக்குள்ள எங்கடா கொடி?"

"ஏறும்," என்றார் டெரெக். "நம்பிக்கை வேணும்."

அடுத்து மாவிஸ். அந்தக் காலத்தில் ரெஜ்ஜோடு இரண்டு நடனத்துக்குப் போனவள். அது மூன்று என்பாரும் உண்டு. அவள் வாசலில் ஒரு சதுரப் புல், சுற்றிலும் கிளிஞ்சல் பதித்து.

"ஒரு சதுரம்தான் எனிட். இது ஒண்ணு இல்லேன்னா மைதானம் கொறஞ்சா போயிரும்?"

"எல்லாரும் ஒரு சதுரம்தான் எடுத்தாங்க மாவிஸ்."

"அப்ப அவங்க கொடுக்கட்டும். கடைசி ஆளா நான் கொண்டு வந்து வைக்கறேன்." மாவிஸ் குரலைத் தழைத்தாள். "ஆமா, ரெஜ் முழுசா உன் தட்டுலதான் இருக்காருன்னு என்ன நிச்சயம்? அன்னைக்குக் காத்து என் பக்கம் தான் அடிச்சுது."

எனிட் அந்தக் கிளிஞ்சல்களை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தாள்.

தெரு முழுக்க அதே அன்பு, அதே கண்ணீர், அதே சாத்திய கதவு. நெவிலிடம் போய் மைக்கையாவது கேட்டாள். "கப்பல் முழுகும்போது கேப்டன் கடைசியா தானே இறங்கணும்?" என்றார் அவர்.

அவள் வீட்டுக்குப் போய்ப் பை தட்டை எடுத்தாள். "ரெஜ், திரும்பப் போகணும். கோவிச்சுக்காதீங்க," என்றாள்.

மத்தியானம் ஆய்வாளர் வந்தபோது சோப் லேனில் நெவிலும் எனிட்டும் சேறும்தான் இருந்தார்கள். சேற்றுக்கு நடுவே, எனிட் காலால் மிதித்து அமுக்கிய ஒரே ஒரு சதுரம் பழுப்புப் புல். அவள் ஆய்வாளர் கையில் ஒரு டீயைக் கொடுத்தாள்.

"மைதானத்துக்கு எப்படிம்மா போகணும்?"

"நடுவுல தான் நிக்கறீங்க."

அவர் ஒரு வாய் குடித்தார். நின்றார். சுற்றிலும் பார்த்தார். "அந்தப் புல்லு?"

"அது பெனால்டி இடம். என் வீட்டுக்காரரும் கூட."

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றினார். நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கம்பெனி ஆளுங்க அனுமதி வர்றதுக்கு முன்னாடியே தோண்டிட்டாங்களா? பயப்படாம சொல்லுங்கம்மா. அப்படி மட்டும் இருந்தா இந்த ஜென்மத்துல அவங்களுக்கு இங்க ஒரு செங்கல் வைக்க விடமாட்டேன்."

நெவில் அவசர அவசரமாக இருமினார். எனிட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இன்னொரு தரம் இருமினார். ஒரு வார்த்தை. ஒரே ஒரு 'ஆமா'. மைதானம் மிஞ்சும், ரெஜ் இருந்த இடத்தில் இருப்பார்.

எனிட் அந்தச் சதுரத்தைக் குனிந்து பார்த்தாள். வாழ்நாளில் ஒரு கோடு கோணலாகப் போடாத மனுஷன்.

"இல்லீங்க," என்றாள். "அவங்க ஒரு புல்லைக்கூடத் தொடலை. முதல்ல தோண்டினது நான். மிச்சத்தை ஊர்க்காரங்க எடுத்துட்டுப் போனாங்க. அவ்வளவு நேசம்."

"ஊர் மொத்தமுமா?"

"மொத்தமும்." அவள் மண்டியிட்டு, புல்லின் ஓரத்தை விரலால் நெம்பி, தட்டை அடியில் தள்ளினாள். "இந்த மைதானத்தைக் கண்டாலே பிடிக்காத ஆளு ஒருத்தர், ஒரே ஒருத்தர் இந்த ஊர்ல இருந்திருந்தா, உங்களுக்குக் காட்டறதுக்கு ஒரு கோல்கம்பமாவது மிஞ்சியிருக்கும்."