இருவரும் விமானத்தில் இருந்து பேசித் தீர்க்க வேண்டும்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. முழங்கால் வலியைத் தவிர்த்தால் இங்கே நான் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்கலாமா கூடாதா என்பதை என் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். தகராறு முடியும்வரை எதிர்த்தரப்பு வீட்டாரோடு பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் சொல்லி ஏழு மாதமாகிறது. எதிர்த்தரப்பு வீட்டார் என்றால் நீதான்.

நேற்றோடு தகராறு முடிந்தது. மாப்பிள்ளை உன்னிடம் தம் வழக்கப்படி நாலு வார்த்தையில் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

விமானக் கம்பெனி எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியதும் நானும் மாப்பிள்ளையும் பாதிப் பாதி போட்டு அந்த நாலு இருக்கை விமானத்தை வாங்கினோம் அல்லவா, ஓட்டுவது நான், ஆபீஸ் வேலை அவர், ஒவ்வொரு பயணத்துக்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று ஒப்பந்தம். அப்புறம் மருந்துக் கம்பெனி முதலாளி ஒருவர் வாரத்துக்கு இரண்டு பயணம் என்று ஒரு வருடத்துக்கு விமானத்தை வாடகைக்குப் பேசிக்கொண்டார். அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு வானத்தின்மேல் ஒரு கண். கைக்குட்டை அளவு மேகம் தெரிந்தால் போதும், பேனா எழுதவில்லை என்பார். மேகமே இல்லாத ஒரு நாள், "காத்து ஒரு மாதிரியா இருக்கு மச்சான், இன்னிக்கு வேண்டாம்" என்றார். இப்படியே பதினொரு பயணம் ரத்து. முதலாளி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போனார். எனக்கு மண்டை கொதித்து மாப்பிள்ளைக்கு நோட்டீஸ் அனுப்பினேன், அவர் பதில் நோட்டீஸ் அனுப்பினார், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த நேரம் பார்த்து அவருடைய வக்கீல் எங்கள் ஒப்பந்தத்தை முழுவதும் படித்துத் தொலைத்தார்.

அதில் ஏழாவது பிரிவு. தகராறு வந்தால், கோர்ட்டுக்குப் போகுமுன், 'இருவரும் நிதானத்தில் இருந்து பேசித் தீர்க்க வேண்டும்' என்று அன்றைக்கு நான்தான் தட்டச்சுக்காரரிடம் போனில் சொன்னேன். அவர் காதில் நிதானம் விமானமாக விழுந்திருக்கிறது. 'இருவரும் விமானத்தில் இருந்து பேசித் தீர்க்க வேண்டும்' என்று அடித்துவிட்டார். நாங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். விமானத்துக்கான ஒப்பந்தத்தில் விமானம் என்று இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? பிழை, பிழை என்று தொண்டை வறளக் கத்தினேன். "கையெழுத்துப் போட்டப்புறம் பிழைன்னு ஒண்ணு கிடையாது சார்" என்றார் அவர் வக்கீல். என் வக்கீலும் கூடவே தலையை ஆட்டினார்.

ஆகவே நேற்றுக் காலை பத்து மணிக்கு விமானக் கொட்டகையில் சமரசம். முன்னால் நானும் மாப்பிள்ளையும், பின்னால் மடியில் காகிதக் கட்டோடு இரண்டு வக்கீல்கள். சமரசம் பேச வந்த ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாவுக்கு இடமில்லை. இறக்கைக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, திறந்த கதவு வழியாகத் தலையை நீட்டி விசாரித்தார். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்திய விமானத்தில் வக்கீல்கள் இருவரும் முதல் காரியமாக பெல்ட் போட்டுக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். அவர் முகம் வெளுத்து, சட்டை நனைந்து, இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஐந்து வருடமாகப் பாதி விமானம் அவருடையது, நேற்றுதான் முதல்முறையாக உள்ளே ஏறியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

"பதினோரு தடவை ஏன் கையெழுத்துப் போடலை?" என்று கேட்டார் நீதிபதி அம்மா. மாப்பிள்ளை பின்னால் இருந்த வக்கீல்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா விவரமானவர், வக்கீல்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் இருவரும் பட்ட பாட்டை இன்னொரு நாள் சொல்கிறேன். அவர்கள் போன பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே மாப்பிள்ளை பேசினார்.

"மச்சான், நீங்க ஏறுற நாள்லயெல்லாம் உங்க தங்கச்சி பச்சத்தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. நீங்க இறங்கிட்டீங்கன்னு நான் போன் பண்றவரைக்கும் மொட்டைமாடியிலதான் நிப்பா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. ஓட்டுறதுதான் அண்ணனுக்கு உசிரு, தன்னால அது நின்னதா இருக்கக் கூடாதுன்னா. வாரத்துக்கு ரெண்டு நாள் இப்படின்னா நான் என்னதான் பண்றது? என் கையில இருந்தது ஒரு கையெழுத்து."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, தங்கச்சி. முப்பத்திரண்டு வருடம் காற்று பார்த்து, எண்ணெய் பார்த்து, சக்கரத்தைத் தட்டிப் பார்த்து ஏறியவன், கீழே யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாள் பார்த்ததில்லை. நான் இவரைச் சோம்பேறி என்றும் வீம்புக்காரர் என்றும் நோட்டீஸில் எழுதினேன். அத்தனையையும் வாங்கிக்கொண்டு ஏழு மாதம் உன் ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அங்கேயே அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அப்போதும் அவருடைய மற்றக் கை இருக்கையை விடவில்லை.

விமானத்தை விற்றுவிடுவது, நான் இனி எந்த விமானத்தையும் ஓட்டுவதில்லை என்று முடிவாயிற்று. நீதிபதி அம்மா எழுதினார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். இனிமேல் நீ நிம்மதியாக இரு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். திட்டுவதாக இருந்தால் நேரிலேயே திட்டு.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி அண்டாமல், நெடுங்காலம், கால் தரையிலேயே இருக்க வாழ்த்தும்,
உன் அண்ணன்.

பி.கு.: இதை உறையில் போடும்போது விமானம் வாங்குகிறவர் போன் செய்தார். பறந்து காட்டினால்தான் வாங்குவாராம். நியாயம்தானே? வியாழக்கிழமை காலை ஒரே ஒரு சுற்று, அரை மணி நேரம். மாப்பிள்ளையிடம் கையெழுத்துக்குப் போனேன். வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போட்டுவிட்டார். "நானும் வரேன் மச்சான். கீழ நின்னு அண்ணாந்து பார்க்கிறதுக்கு, உங்க பக்கத்துல உட்கார்றதே தேவலை. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். ஆகையால் இந்தப் பின்குறிப்பை நீ படிக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை காலையில் சாப்பிட்டுவிடம்மா.